திரும்பிப் போய் என்ன செய்வீர்கள்?

நிவாரணம் வாங்கி வாழ்ந்த எந்தக் குடும்பத்துக்கும் விருந்தாளிகளைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாகனம் வந்து நிற்கும். நிறுவனத்தின் கள அலுவலர் முன்னே வருவார். பின்னால் வெளிநாட்டவர் இருவர் மூவர் வருவார்கள். தறப்பாள் கொட்டிலின் வாசலில் நின்று கேள்வி கேட்பார்கள். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், எத்தனை ஏக்கர் வயல், கடைசியாக எப்போது விதைத்தீர்கள் என்று கேட்பார்கள். நாமும் சொல்வோம். இருக்கிற சீனியைப் போட்டுத் தேநீர் கொடுப்போம். படம் எடுப்பார்கள். சிலருக்குக் கண் கலங்கும். அது பொய்க் கண்ணீர் என்று நான் சொல்லமாட்டேன். பிறகு வாகனம் புறப்பட்டுவிடும்.

வந்தவர்கள் இங்கே செய்த நன்மை தீமைகளைப் பற்றி நாம் கூட்டங்களிலும் கிணற்றடியிலும் நிறையப் பேசியிருக்கிறோம். அவர்கள் தமது வீட்டுக்குப் போன பிறகு என்ன செய்கிறார்கள் என்பதைப் பற்றி மட்டும் நாம் பேசியது குறைவு. அது அவர்களுடைய பாடு என்று விட்டுவிடுகிறோம். அப்படி விட்டுவிடக் கூடாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. வறிய நாடொன்றுக்குத் தொண்டு செய்யப் போகிறவரின் வேலையில் பெரும்பகுதி அவர் வீடு திரும்பிய பின்னரே தொடங்குகிறது. அந்த வேலையை அவருக்கு நினைவூட்டும் உரிமை, உதவி பெறுகின்ற மக்களுக்கு உண்டு.

இதை எமது ஊர்க் கதைகளை வைத்துப் பேசினால் யாரைச் சொல்கிறார், எந்த நிறுவனத்தைச் சொல்கிறார் என்று தேடத் தொடங்கிவிடுவோம். ஆகவே தூரத்து நாடொன்றை எடுத்துக்கொள்வோம். கரீபியன் கடலில் உள்ள ஹெயிட்டி, இலங்கையின் அரைவாசிக்கும் குறைந்த பரப்புள்ள நாடு. மக்கள்தொகை ஒரு கோடிக்கு மேல். கிராமங்களில் கமமே சீவியம். அமெரிக்காவின் மயாமி நகரிலிருந்து விமானத்தில் ஏறினால் இரண்டு மணித்தியாலத்தில் அங்கே இறங்கலாம். ஆகையால் பல பத்தாண்டுகளாக வட அமெரிக்கத் திருச்சபைகளும் கல்லூரிகளும் ஒரு வாரம், இரண்டு வாரம் என்று ஆட்களை அங்கே அனுப்பி வந்தன. தொண்டுப் பயணம் என்றால் என்ன, அதன் பின் என்ன நடக்கிறது என்பதை அறிய அதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

வறுமைக்கும் வரலாறு உண்டு

விமானத்தால் இறங்கும் பயணி முதலில் காண்பது வறுமையை. அந்த வறுமை மழையைப் போலவும் வெயிலைப் போலவும் இயற்கையாக வந்தது என்றே அவருக்குத் தோன்றும். உண்மை வேறு. ஹெயிட்டி ஒரு காலத்தில் பிரான்சின் மிகச் செல்வமான குடியேற்ற நாடாக இருந்தது. ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளின் உழைப்பில் அங்கே கரும்பும் கோப்பியும் விளைந்தன. 1791 இல் அந்த அடிமைகள் எழுந்தார்கள். 1804 ஜனவரி 1 இல் தம்மைச் சுதந்திர நாடாகப் பிரகடனம் செய்தார்கள்.

1825 இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, தனது குடிகள் இழந்த சொத்துக்காக 150 மில்லியன் பிராங்க் நட்டஈடு கேட்டது. அந்தச் சொத்தில் விடுதலை பெற்ற மனிதர்களும் அடக்கம். 1838 இல் தொகை குறைக்கப்பட்டது. ஆயினும் அதைக் கட்டுவதற்காகப் பட்ட கடனின் தொடர்ச்சி 1947 வரை நாட்டின் கழுத்தில் கிடந்தது. இடையில் 1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படைகள் நாட்டை ஆக்கிரமித்திருந்தன. 1957 முதல் 1986 வரை டுவாலியர் குடும்பத்தின் சர்வாதிகாரம் நடந்தது. இவ்வளவும் தெரிந்தவருக்கு அந்நாட்டின் ஓலைக்குடிசை வேறு விதமாகத் தெரியும். தெரியாதவருக்கு அது ஒரு படம் மட்டுமே.

பயணி கொண்டுசெல்லும் மூன்று வசனங்கள்

தொண்டுப் பயணம் முடித்து வீடு திரும்பியவர்கள் தமது சபையிலும் நண்பர்களிடமும் பேசும்போது பெரும்பாலும் மூன்று வசனங்களைச் சொல்வார்கள். முதலாவது: "அவர்களிடம் ஒன்றுமில்லை, ஆனாலும் சந்தோசமாக இருக்கிறார்கள்." இரண்டாவது: "எனக்குக் கிடைத்த வாழ்வுக்கு நன்றி சொல்லக் கற்றுக்கொண்டேன்." மூன்றாவது: "கொடுத்ததிலும் கூடுதலாகப் பெற்றுக்கொண்டு வந்தேன்."

முதல் வசனத்தை நாம் நன்றாக அறிவோம். விருந்தாளி வந்தால் முகம் மலரப் பேசுவது எமது வழக்கம். உலை வைக்க அரிசி இல்லாத நாளிலும் அப்படித்தான். ஹெயிட்டிக் கிராமத்தவரும் அப்படியே. அந்தச் சிரிப்பு விருந்தோம்பல். பசியில் திருப்தி அடைந்துவிட்டார்கள் என்று அதற்குப் பொருள் கொள்வது பெரிய தவறு. ஏனெனில் சந்தோசமாக இருப்பவருக்காக யாரும் எதையும் மாற்றவேண்டியதில்லை.

இரண்டாவது வசனம் நல்ல மனதிலிருந்து வருகிறது. ஆனால் அதற்குள் ஓர் ஆபத்து உண்டு. எனக்கு நிறையக் கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை என்பதோடு அது நின்றுவிட்டால், எப்படி எனக்குக் கிடைத்தது, எப்படி அவருக்குக் கிடைக்காமல் போனது என்ற கேள்வி பிறப்பதேயில்லை.

மூன்றாவது வசனம் பெரும்பாலும் உண்மை. உண்மையாக இருப்பதால்தான் அதைக் கவனிக்க வேண்டும். 1998 இல் மிட்ச் என்ற சூறாவளி மத்திய அமெரிக்காவின் ஹொண்டூராஸ் நாட்டை அழித்தது. வட அமெரிக்கத் திருச்சபைக் குழுக்கள் பல அங்கே சென்று வீடுகள் கட்டின. அந்நாட்டில் நீண்டகாலம் வாழ்ந்த ஓர் அமெரிக்க சமூகவியலாளர் பின்னர் அதை ஆராய்ந்து 2006 இல் முடிவுகளை வெளியிட்டார். வெளிநாட்டுக் குழு வந்து ஒரு வீடு கட்ட, விமானச் சீட்டு உட்பட ஏறக்குறைய 30,000 டொலர் செலவாகியிருந்தது. உள்ளூர் அமைப்புகள் ஏறக்குறைய 2,000 டொலரில் ஒரு வீட்டைக் கட்டின. குடியிருந்த குடும்பங்களைக் கேட்டபோது, யார் கட்டினார்கள் என்பதால் தமது வாழ்வில் பெரிய வேறுபாடு ஏற்பட்டதாக அவர்கள் சொல்லவில்லை.

அதே ஆய்வு, திரும்பிச் சென்றவர்களையும் விசாரித்தது. பயணத்துக்குப் பின் தாம் மாறிவிட்டதாகவும் முன்னரிலும் கூடுதலாகக் கொடுப்பதாகவும் பலர் கூறினர். நன்கொடைப் பதிவுகளை எடுத்துப் பார்த்தபோது அவர்கள் சொன்ன அளவுக்கு உயர்வு தென்படவில்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை. மனம் இளகியது உண்மை. இளகிய மனதுக்குத் திரும்பிப் போன இடத்தில் ஒரு வேலை கொடுக்கப்படவில்லை. வேலை இல்லாத இரக்கம் சில மாதங்களில் காய்ந்துவிடும்.

சந்தையில் கிடந்த அரிசி மூடை

அப்படியானால் அந்த வேலை எது? இதற்கு ஹெயிட்டியின் அரிசிக் கதை நல்ல பதில் தரும். கமக்காரரான எமக்கு இது எளிதில் விளங்கும்.

ஹெயிட்டியின் ஆர்டிபோனிட் ஆற்றுப் பள்ளத்தாக்கு அந்நாட்டின் நெற்களஞ்சியம். 1980களின் தொடக்கத்தில் அந்நாட்டு மக்கள் உண்ட அரிசியின் பெரும்பகுதி உள்நாட்டிலேயே விளைந்தது. பின்னர் இறக்குமதித் தீர்வைகள் படிப்படியாகக் குறைக்கப்பட்டன. 1995 இல் சர்வதேச நாணய நிதியத்தினதும் அமெரிக்காவினதும் வற்புறுத்தலின் கீழ் அரிசிக்கான தீர்வை 3 வீதத்துக்கு இறக்கப்பட்டது. அமெரிக்க அரிசி கப்பல் கப்பலாக வந்தது. மக்கள் அதை மயாமி அரிசி என்று அழைத்தார்கள்.

அமெரிக்காவில் நெல் விளைவிப்பவருக்கு அரசாங்கம் மானியம் கொடுக்கிறது. பெரிய நிலம், பெரிய இயந்திரம், வங்கிக் கடன் எல்லாம் அவருக்கு உண்டு. ஆர்டிபோனிட்டில் விதைப்பவரிடம் ஒரு மண்வெட்டியும் துண்டு நிலமும் தூர்ந்துபோன வாய்க்காலும் இருந்தன. பசளைக்குக் கடன் கொடுக்க ஆளில்லை. இந்த இருவரையும் ஒரே சந்தையில் நிறுத்திப் போட்டியிடச் சொன்னார்கள். முடிவு என்னவாகும் என்பதைச் சொல்லப் பொருளியல் படிக்க வேண்டியதில்லை.

மலிவு அரிசியால் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் இருந்த ஏழைகள் பயனடைந்தார்கள் என்று சிலர் கூறுவர். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் எத்தனை காலத்துக்கு? நெல் விற்றுச் சீவிக்க முடியாத கமக்காரர் நிலத்தை விட்டு அதே தலைநகரின் சேரிகளுக்கு வந்து சேர்ந்தார்கள். 2008 இல் உலகச் சந்தையில் அரிசி விலை ஏறியபோது வெளிநாட்டு அரிசி மலிவாக இருக்கவில்லை. உள்நாட்டு அரிசியோ போதியளவு இருக்கவில்லை. மக்கள் தெருவுக்கு வந்தார்கள், பிரதமர் பதவி இழந்தார். 2010 ஜனவரி 12 இல் பூமி அதிர்ந்தபோது, கிராமத்தை விட்டு வந்தவர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த அந்த நகரமே இடிந்து விழுந்தது. ஏறக்குறைய 15 இலட்சம் பேர் முகாம்களுக்குப் போனார்கள்.

அந்தப் பேரழிவுக்குப் பின் 2010 மார்ச்சில், முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி பில் கிளின்ரன் அமெரிக்க செனட் சபையின் குழுவொன்றின் முன் ஓர் உண்மையை ஒத்துக்கொண்டார். தமது சொந்த மாநிலமான ஆர்க்கன்சோவின் கமக்காரருக்கு அந்த அரிசிக் கொள்கை நன்மை செய்திருக்கலாம், ஆனால் அது பலன் தரவில்லை, அது ஒரு தவறு என்றார். ஹெயிட்டி மக்களுக்குத் தேவையான நெல்லை அவர்களே விளைவிக்கும் ஆற்றல் இல்லாமற் போனதற்குத் தாமும் பொறுப்பு என்பதையும் ஏற்றுக்கொண்டார். தீர்வை குறைக்கப்பட்டு 15 ஆண்டுகள் கழித்தே அந்த வார்த்தை வந்தது. அதே மாதத்தில் ஹெயிட்டி ஜனாதிபதி ரெனே பிரெவால், வெளிநாட்டிலிருந்து உணவும் நீரும் தொடர்ந்து வந்தால் உள்நாட்டு உற்பத்தியும் வியாபாரமும் அதனோடு போட்டியிட வேண்டிவரும் என்று எச்சரித்தார். நில அதிர்வின் முதல் வாரங்களில் வந்த உணவு உயிர் காத்தது. அதற்கு அடுத்த போகத்திலும் இலவச உணவே வந்தால் விதைத்தவனின் கதி என்ன என்பதே அவர் எழுப்பிய கேள்வி.

ஆர்க்கன்சோவிலிருந்தோ அயல் மாநிலத்திலிருந்தோ தொண்டு செய்ய வந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். பத்து நாள் அவர் பாடசாலைச் சுவருக்கு வர்ணம் பூசுகிறார். சந்தையில் தனது நாட்டின் பெயர் பொறித்த அரிசி மூடையைக் காண்கிறார். நல்லது, எங்கள் நாடு இவர்களுக்குச் சோறு போடுகிறது என்று எண்ணிக்கொண்டு வீடு திரும்புகிறார். பூசிய வர்ணம் இரண்டு மழைக்குக் கழுவிப்போகும். அவர் தமது ஊருக்குத் திரும்பி, தமது பிரதிநிதியிடம் அந்த மூடையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருந்தால் அது ஆயிரம் வயல்களுக்கு உதவியிருக்கும். அந்தக் கேள்வியைக் கேட்கும் வாக்குரிமை அவருக்கு உண்டு, ஹெயிட்டிக் கமக்காரருக்கு இல்லை. பயணி வீட்டில் செய்யவேண்டிய வேலை என்று நான் சொல்வது இதைத்தான்.

பன்றியும் விதையும்

அரிசிக்கு முன்னர் பன்றிக்கும் இதுவே நடந்தது. ஹெயிட்டியின் சிறிய கறுப்புப் பன்றி குப்பையையும் மிச்சம் மீதியையும் தின்று வளரும். எமக்கு ஆடும் மாடும் போல அவர்களுக்கு அது வீட்டு வங்கி. பிள்ளைக்குப் பாடசாலைப் பணம் கட்ட, செத்த வீடு செய்ய, கலியாணம் முடிக்க அதை விற்பார்கள். 1970களின் இறுதியில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் அத்தீவுக்கு வந்தது. தமது நாட்டுப் பன்றிகளுக்கும் அது தொற்றிவிடும் என்று அமெரிக்கா அஞ்சியது. 1980களின் தொடக்கத்தில் எஞ்சியிருந்த பன்றிகள் எல்லாம் அமெரிக்க உதவியோடு கொல்லப்பட்டன. பதிலுக்கு அமெரிக்காவிலிருந்து பெரிய வெள்ளைப் பன்றிகள் கொண்டுவரப்பட்டன. அவற்றுக்கு விலைக்கு வாங்கிய தீன், சுத்தமான நீர், சீமெந்துத் தரை, கூரை எல்லாம் வேண்டியிருந்தன. தாம் இருக்கும் வீட்டிலும் நல்ல வீடு கேட்கும் அந்த விலங்குகளை மக்கள் நான்கு கால் இளவரசர் என்று கேலி செய்தார்கள். கேலிக்குப் பின்னால் ஒரு தலைமுறையின் சேமிப்பு அழிந்துபோயிருந்தது.

விதைக்கும் இதே கதை. 2010 நில அதிர்வுக்குப் பின் மொன்சாண்டோ என்ற அமெரிக்க விதைக் கம்பனி நூற்றுக்கணக்கான தொன் கலப்பினச் சோளம், மரக்கறி விதைகளை ஹெயிட்டிக்கு நன்கொடையாகக் கொடுக்க முன்வந்தது. கலப்பின விதையின் விளைச்சலை அடுத்த போகத்துக்கு விதையாக எடுத்துவைத்தால் குணம் மாறிப்போகும் என்பது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு போகமும் கடைக்குத்தான் போகவேண்டும். 2010 ஜூன் 4 இல் ஹின்ச் நகரில் ஆயிரக்கணக்கான கமக்காரர் ஊர்வலம் சென்றார்கள். 1973 இல் தொடங்கப்பட்ட பாப்பாயே கமக்காரர் இயக்கம் அதை நடத்தியது. நன்கொடை விதையை அவர்கள் தெருவில் கொளுத்தினார்கள்.

நன்றி கெட்டவர்கள் என்று சிலர் பேசினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. உதவியே வேண்டாம் என்பதற்காக அவர்கள் ஊர்வலம் போகவில்லை. எங்கள் நிலத்தில் எதை விதைப்பது என்பதை எங்களைக் கேட்காமல் தீர்மானிக்க வேண்டாம் என்பதற்காகவே போனார்கள். வீடு வாசலை இழந்தவரும் விதையைத் தெரிவு செய்யும் அறிவை இழந்துவிடுவதில்லை.

உதவ வந்தவர்களின் பொறுப்பு

இன்னும் கசப்பான பக்கம் ஒன்று உண்டு. 2010 ஒக்ரோபரில் ஹெயிட்டியில் கொலரா பரவியது. ஒரு நூற்றாண்டாக அங்கே இல்லாத நோய் அது. ஐக்கிய நாடுகள் சமாதானப் படையின் நேபாள முகாமிலிருந்து வெளியேறிய கழிவு, ஆர்டிபோனிட் ஆற்றில் சேரும் ஓர் ஓடையில் கலந்தது. ஆற்று நீரைக் குடிக்கவும் குளிக்கவும் வயலுக்குப் பாய்ச்சவும் பயன்படுத்திய கமக்காரக் குடும்பங்கள் முதலில் செத்தன. காலப்போக்கில் 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். ஏறக்குறைய 10,000 பேர் இறந்தனர்.

அந்த உண்மை எப்படி வெளிவந்தது என்பதைக் கவனியுங்கள். ரெனோ பியாரூ என்ற பிரெஞ்சு மருத்துவ நிபுணர் 2010 நவம்பரில் சில வாரங்கள் ஹெயிட்டி சென்றார். ஊர் ஊராக நோயின் தடத்தைப் பின்தொடர்ந்தார். வீடு திரும்பிய பின், நோய் அம்முகாமருகிலிருந்தே தொடங்கியது என்பதை எழுதினார். பெரிய நிறுவனம் மறுத்தது. அவர் தமது ஆய்வை வெளியிட்டார். சட்டத்தரணிகளும் பாதிக்கப்பட்டோரும் வழக்குத் தொடர்ந்தார்கள். ஆறு ஆண்டுகள் கழித்து, 2016 டிசம்பரில், ஐ.நா. செயலாளர் நாயகம் பான் கீ மூன் ஹெயிட்டி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். அவரும் சில வாரப் பயணிதான். படத்தோடு திரும்பாமல் ஓர் உண்மையோடு திரும்பி, அதை விடாமல் பிடித்துக்கொண்டார்.

எமது நாட்டையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இலங்கையிலிருந்தும் சமாதானப் படையினர் ஹெயிட்டிக்குச் சென்றார்கள். 2007 நவம்பரில் அவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் பாலியல் துஷ்பிரயோகக் குற்றச்சாட்டின் பேரில் திருப்பி அனுப்பப்பட்டனர். பாதிக்கப்பட்டோரில் சிறுபிள்ளைகளும் இருந்தனர். திரும்பியவர் எவரும் சிறை செல்லவில்லை என்று 2017 இல் வெளியான செய்தி நிறுவனமொன்றின் விசாரணை கூறியது. உதவி செய்யச் சென்றவர் வீடு திரும்பும்போது அவர் செய்ததற்கான பொறுப்பும் அவரோடு திரும்ப வேண்டும். அப்படித் திரும்பாவிட்டால் விமானச் சீட்டு ஒரு மன்னிப்புப் பத்திரமாகிவிடும்.

போகவே கூடாதா?

1968 ஏப்ரலில் இவான் இலிச் என்ற கத்தோலிக்கக் குரு, மெக்சிக்கோவில் தொண்டு செய்யப் புறப்பட்ட அமெரிக்க மாணவர்களைப் பார்த்து முகத்துக்கு நேரே பேசினார். நாட்டைப் பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்பது அவருடைய பேச்சின் சாரம். பலருக்கு அது சுட்டது. சுட்டதால் சிலர் சிந்தித்தார்கள்.

நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். காரணம், ஹெயிட்டியின் காஞ்ச் என்ற ஊர். 1950களில் ஆர்டிபோனிட் ஆற்றுக்குக் குறுக்கே பெலிக்ர் என்ற பெரிய அணை கட்டப்பட்டது. கீழே உள்ள வயல்களுக்கு நீரும் நகருக்கு மின்சாரமும் அதன் நோக்கம். மேலே செழிப்பான ஆற்றோர நிலத்தில் பயிர் செய்தவர்கள் வெள்ளத்தில் நிலத்தை இழந்து, கல்லும் முள்ளுமான மலைச்சரிவுகளில் ஏறிக் குடியிருந்தார்கள். அவர்களுக்கு மின்சாரமும் வரவில்லை, வயலுக்கு நீரும் வரவில்லை. காஞ்ச் அப்படி இடம்பெயர்ந்த கமக்காரரின் ஊர். அவர்கள் கதையை இன்னொரு தடவை விளக்க வேண்டிய அவசியம் எமது வாசகருக்கு இல்லை.

அங்கே பிரிட்ஸ் லபொன்ரான் என்ற ஹெயிட்டிய அங்கிலிக்கன் குருவானவர் மக்களோடு தங்கிப் பாடசாலை நடத்தினார். 1983 இல் போல் பார்மர் என்ற அமெரிக்க இளைஞர் தொண்டராக ஹெயிட்டி வந்தார். அவர் படம் எடுத்துக்கொண்டு போனதோடு நிற்கவில்லை. மருத்துவம் படித்தார், திரும்பத் திரும்ப வந்தார், லபொன்ரான் போன்ற உள்ளூரவரோடு சேர்ந்து காஞ்சில் வைத்தியசாலை அமைத்தார். கிராமத்தவரையே பயிற்றி, சம்பளம் கொடுத்து, வீடு வீடாக நோயாளிகளைப் பார்க்க வைத்தார்கள். ஏழைக் கமக்காரருக்கு எயிட்ஸ் மருந்தை ஒழுங்காக எடுக்கத் தெரியாது என்று பெரிய நிபுணர்கள் சொன்ன காலத்தில், முடியும் என்று அங்கே செய்து காட்டினார்கள்.

இன்னொன்றையும் அவர் செய்தார். தமது நாட்டுக்குத் திரும்பி, அமெரிக்காவின் கொள்கை ஹெயிட்டிக்கு என்ன செய்தது என்பதை 1994 இல் ஒரு புத்தகமாக எழுதினார். பொஸ்ரனிலும் வாஷிங்ரனிலும் கேட்கப் பிடிக்காதவர்களிடமும் அதைச் சொன்னார். 2022 இல் இறக்கும்வரை இரண்டு இடத்து வேலையையும் அவர் விடவில்லை. எல்லோராலும் பார்மர் ஆக முடியாது. ஆனால் ஓர் ஊர், நீண்ட தொடர்பு, உள்ளூரவரின் தலைமை, சொந்த நாட்டில் உண்மை பேசுதல் ஆகிய நான்கையும் யாரும் கைக்கொள்ளலாம்.

இன்று ஹெயிட்டிக்குத் தொண்டுப் பயணம் போவது பெரும்பாலும் நின்றுவிட்டது. 2021 இல் ஜனாதிபதி கொல்லப்பட்ட பின் ஆயுதக் கும்பல்கள் தலைநகரைப் பிடித்தன. ஆர்டிபோனிட் வயல்களிலிருந்தும் மக்கள் ஓடுகிறார்கள். 2025 இல் உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் தொகை 10 இலட்சத்தைத் தாண்டியது. முன்னர் அங்கே போய்வந்த ஆயிரமாயிரம் பேரும் இன்று தத்தமது வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் கைகளுக்கு இப்போது வர்ணத் தூரிகை கிடையாது. எஞ்சியிருப்பது வாயும் வாக்கும் மட்டுமே. அவர்களுடைய பயணத்தின் பெறுமதி இப்போதுதான் நிறுக்கப்படுகிறது.

நாம் கேட்க வேண்டியவை

எமது ஊருக்கு யாராவது வந்தால், தேநீர் கொடுத்த பின் மரியாதையாகச் சில கேள்விகளை நாமும் கேட்கலாம். எங்கள் படத்தை எங்கே காட்டுவீர்கள்? அதன் கீழே என்ன எழுதுவீர்கள்? வறிய குடும்பம் என்று மட்டும் எழுதுவீர்களா, அல்லது இந்தக் குடும்பத்துக்கு இத்தனை ஏக்கர் வயல் உண்டு, இன்ன காரணத்தால் அதைச் செய்ய முடியவில்லை என்று எழுதுவீர்களா? இரண்டுக்கும் இடையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் இருக்கிறது.

எங்கள் பெயரால் எவ்வளவு பணம் சேர்த்தீர்கள், அதில் எவ்வளவு இங்கே வந்தது என்று தமிழில் ஒரு பக்கக் கணக்கு அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். நேர்மையான நிறுவனம் இதற்குக் கோபிக்காது. வேலை செய்ய வருகிறோம் என்றால், இந்த வேலையை எமது ஊர் மேசனும் தச்சனும் செய்ய முடியாதா என்று கேளுங்கள். கூலி இங்கே தங்கினால் அது இரண்டாவது உதவி.

முக்கியமான கேள்வி இது: உங்கள் நாட்டில் எடுக்கப்படும் எந்த முடிவு எங்கள் வயலைத் தொடுகிறது? வியாபாரம், கடன், விதை, ஆயுதம், மீள்குடியேற்றம் என்று ஏதாவது ஒன்று இருக்கும். அதைப் பற்றித் திரும்பிப் போய் யாரிடம் பேசுவீர்கள்? என்ன பதில் வந்தது என்று எங்களுக்கு எழுதுவீர்களா? பலன் கிடைக்காவிட்டாலும் எழுதுங்கள் என்று சொல்லுங்கள்.

இதற்கு ஒரு சிறிய ஏற்பாடு வேண்டும். ஒவ்வொரு கமக்கார அமைப்பும் மாதர் சங்கமும் ஒரு கொப்பி வைத்திருக்கலாம். வந்தவர் பெயர், முகவரி, திகதி, அவர் என்ன சொன்னார் என்பதை அதில் எழுதி, அவரிடமே கையெழுத்து வாங்குங்கள். ஆறு மாதம் கழித்துச் செயலாளர் ஒரு கடிதம் எழுதட்டும். இளம் பிள்ளைகள் இருந்தால் கைத்தொலைபேசியிலும் அனுப்பலாம். பத்துப் பேரில் இருவர் பதில் எழுதினாலும் அந்த இருவரும் எமக்கு நண்பர்கள். மற்ற எட்டுப் பேருக்கும் தாம் சொன்னது எங்கோ எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்ற நினைவாவது இருக்கும்.

இக்கேள்விகள் வெளிநாட்டவருக்கு மட்டும் உரியவை என்று எண்ண வேண்டாம். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் விடுமுறைக்கு வந்து கொப்பி, புத்தகப்பை கொடுத்துப் போகும் எமது பிள்ளைகளையும் அன்போடு இதையே கேட்போம். அவர்களுக்கு அங்கே வாக்கு உண்டு. வெள்ளம் வந்த அயற்கிராமத்துக்கோ மலையகத்து லயனுக்கோ பொதி கட்டிக்கொண்டு போகும்போது நாமும் பயணிகளே. போய்வந்த அன்றிரவு எமது மனம் நிறைந்திருக்கும். அடுத்த நாள் காலை அந்த மக்களுக்காகப் பிரதேச செயலகத்தில் யாரிடம் என்ன கேட்கப் போகிறோம் என்பதை எமக்குள்ளும் கேட்டுக்கொள்வோம்.

ஹின்ச் நகரின் கமக்காரரிடம் பதவியும் இல்லை, பணமும் இல்லை. தமது நிலம், தமது விதை என்ற நினைவு இருந்தது. கொடுப்பதை வாங்கும் கைக்கும் கேள்வி கேட்கும் உரிமை உண்டு என்பதை அவர்கள் உலகுக்குக் காட்டினார்கள். அந்த உரிமையை நாமும் பணிவோடும் தயக்கமின்றியும் கையில் எடுப்போமாக.